ஜெயிலே இல்லாத ஊர்ல ஜெயிலருக்கு என்ன வேலை?

இன்னைக்கு எபிசோடுல அமெரிக்காவோட கென்டக்கி மாநிலத்துக்குப் போறோம். மாநிலத்துக்குக் கீழ இருக்கிற நிர்வாகப் பிரிவுக்கு அங்க கவுன்ட்டின்னு பேரு. மொத்தம் 120 கவுன்ட்டி. 1891-ல வந்த மாநில அரசியலமைப்புப்படி, ஜெயிலர்ங்கிறது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற பதவி. ஆனா பல கவுன்ட்டியில ஜெயிலே இல்ல. அங்க ஜெயிலரோட முக்கிய வேலை, கைதிகளை வண்டியில கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றதுதான்.

ஏன் இப்படி? சின்ன ஜெயிலா இருந்தாலும் 24 மணி நேரமும் ஆள் வேணும், சாப்பாடு, மருத்துவம், பாதுகாப்பு எல்லாம் வேணும். கிராமப்புற கவுன்ட்டியோட பட்ஜெட் அதுக்குத் தாங்காது. அதனால சில இடங்கள்ல 96 மணி நேரம் வரைக்கும் மட்டும் ஆளை வெச்சுக்கிற சின்ன காவல் அறைகள் இருக்கும். சில கவுன்ட்டிகள் சேர்ந்து ஒரே ஜெயிலை நடத்தும். பெயின்ட்ஸ்வில்ல இருக்கிற பிக் சாண்டி ஜெயில் அப்படித்தான்: ஜான்சன், லாரன்ஸ், மகாஃபின், மார்ட்டின்னு 4 கவுன்ட்டிக்கும் பொது. இது ரெண்டும் இல்லாதவங்க, பக்கத்து கவுன்ட்டி ஜெயில்ல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு காசு கட்டுவாங்க.

நம்ம பாஷையில சொன்னா, சொந்த சர்வரை மூடிட்டு கிளவுடுக்கு மாறுற மாதிரி. மீட்டர் தினமும் ஓடும். டிரான்ஸ்ஃபர் செலவு தனி: ஆளைக் கொண்டு போய் விடணும், கோர்ட் தேதிக்கு மறுபடி கூட்டிட்டு வரணும்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். உள்ள இருக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு இன்னும் தீர்ப்பே வரல. வாரன்ட் இல்லாம கைது பண்ணினா, பொதுவா 48 மணி நேரத்துக்குள்ள அதுக்குப் போதுமான காரணம் இருக்கான்னு ஒரு நீதிபதி பார்க்கணும்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-ல சொல்லிடுச்சு. காரணம் இருக்குன்னு அவர் சொல்லிட்டா, அடுத்து ஜாமீன். அந்தப் பணம் கட்ட முடியலைன்னா, வீட்டுல இருந்து, வக்கீல்கிட்ட இருந்து ரொம்ப தூரத்துல காத்திருக்கணும்.

அந்த ஒரே ஆள், அனுப்பின கவுன்ட்டிக்குச் செலவு. வாங்கிக்கிட்ட கவுன்ட்டிக்கு வருமானம். ஜாமீனை முடிவு பண்றது மாநிலம் சம்பளம் கொடுக்கிற நீதிபதி. பில் கட்டுறது கவுன்ட்டி நிர்வாகம். அதாவது, முடிவு எடுக்கிறவர் கைக்கு அந்த பில் வர்றதே இல்ல.

அதனால "எங்க ஊர் ஜெயிலை மூடிட்டோம்"னு ஒரு கவுன்ட்டி சொன்னா, செலவு மிச்சம்னு உடனே நம்பிடாதீங்க. எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு தூரத்துலன்னு கேளுங்க. கணக்கு அங்கதான் இருக்கு.