ஏழாவது காலில் ஒரு பூட்டு

மின்சாரம் போனாலும் எழுதியதை மறக்காத ஈஈப்ராம் சில்லைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். எழுதியதை யாரும் மாற்றாமல் காப்பது எப்படி? இதைப் பேச ஸ்ரீரங்கத்திலிருந்து தொடங்குவதுதான் நியாயம். அங்கே பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்த எஸ். ரங்கராஜன், அதாவது நம் சுஜாதா, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றியபோது அவருடைய மேற்பார்வையில் உருவானதுதான் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்.

அதற்குள் இருப்பவை இருவகை நினைவகங்கள். இயந்திரம் எப்படி நடக்க வேண்டும் என்கிற நிரல், தயாரிப்பின்போதே ஒருமுறை பதியப்படுகிறது. பிறகு திருத்த வழியில்லை. வாக்குகளின் கதை வேறு. ஒவ்வொருவர் பொத்தானை அழுத்தும்போதும் ஈஈப்ராமில் புதிதாக எழுதியாக வேண்டும். மாலையில் தலைமை அலுவலர் ‘க்ளோஸ்’ பொத்தானை அழுத்தியதும் எழுத்து நிற்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சி தொகுதி வாக்களித்தது ஏப்ரல் 19. எண்ணியது ஜூன் 4. ஸ்ரீரங்கத்து வாக்குகளும் சேர்த்து, 46 நாள் ஜமால் முகமது கல்லூரியில் பூட்டிய அறைக்குள் சில்லில் கிடந்தன.

இந்த வேலைக்கு உலகெங்கும் பயன்படும் 24 வரிசை ஈஈப்ராம் சில்லு ஒன்றை எடுத்துக்கொள்வோம். துவரம்பருப்பு அளவு, எட்டுக் கால். ஐந்தாவது காலில் தரவு, ஆறாவதில் கடிகாரத் துடிப்பு. ஏழாவது கால்தான் எழுத்துத் தடை. அதைத் தரையோடு இணைத்தால் எழுதலாம். மின்னழுத்தத்தோடு இணைத்தால் படிக்க மட்டுமே முடியும். மைக்ரோசிப்பின் 24எல்சி256 இதில் ஒரு வினோதம் செய்யும். தடை இருக்கும்போது எழுதச் சொன்னால் மறுப்பதில்லை. ‘பெற்றுக்கொண்டேன்’ என்றே பதில் தருகிறது, ஆனால் எழுதாது. அந்தப் பதிலை நம்பிய நிரல், பதிவாகிவிட்டது என்று நினைத்து மேலே போய்விடும். அதனால் எழுதிய இடத்தைத் திரும்பப் படித்து ஒப்பிடாத நிரலை நான் முடிந்த வேலையாகவே ஏற்க மாட்டேன்.

நிரல் தடுமாறிக் கண்ட இடத்தில் கிறுக்காமல் இருக்க ஏழாவது கால் அருமையான காவல். பெட்டியைத் திறந்து நுழையும் கையிடம் அது செல்லாது. அந்தக் காலுக்குப் போகும் கம்பியும் அதே பலகையில்தானே இருக்கிறது! ‘க்ளோஸ்’ பொத்தானுக்குக் கட்டுப்படுவது நிரல்தான். சில்லுக்கு அந்தப் பொத்தானைத் தெரியாது. கம்பியில் யார் பேசினாலும் கேட்கும்.

2010இல் ஹைதராபாத்தின் ஹரி பிரசாத், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் கோங்கிரிப் ஆகியோர் இதைத்தான் செய்து காட்டினார்கள். நம் இயந்திரம் ஒன்றைத் திறந்து, நினைவகச் சில்லின் மேல் ஒரு சிறு கருவியைக் கவ்வ வைத்து, உள்ளிருந்த வாக்குகளை மாற்றினார்கள். எங்கள் பாதுகாப்பு நடைமுறைகளை மீறி யாரும் இயந்திரத்தைத் தொட முடியாது என்றது தேர்தல் ஆணையம். சரி, அப்படியென்றால் காவல் காப்பது அரக்கு முத்திரையும், அதில் கையெழுத்திடும் முகவர்களும், வாசலில் நிற்கும் காவலரும்தான். ஸ்ரீரங்கத்து வாக்குச்சாவடியில் முத்திரை எண்ணைக் குறித்துக்கொள்ளும் கட்சி முகவரை நான் பெரிதாக மதிக்கிறேன்.

2013க்குப் பிந்தைய எம்3 வகையில், பெட்டியைத் திறக்க முயன்றாலே இயந்திரம் செயலிழந்துவிடும். கவ்வும் கருவிக்கு இது நேரடியான பதில். உள்ளே இருப்பதைச் சரிபார்ப்பது வேறு கேள்வி. 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம், இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் எழுத்துப்பூர்வமாகக் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 சதவீத இயந்திரங்களின் பதியப்பட்ட நினைவகத்தைச் சோதிக்க வேண்டும் என்றது. சோதனை என்ற பெயரில் உள்ளிருக்கும் தரவை அழிக்கவோ மறுபடி ஏற்றவோ வேண்டாம் என்று 2025 பிப்ரவரியில் கூறியதும் அதே நீதிமன்றம்தான். அழித்துவிட்டு மாதிரி வாக்குப் போட்டுப் பார்த்தால், இயந்திரம் இன்று ஒழுங்காக எண்ணுகிறது என்பது மட்டுமே தெரியும். அந்த 46 நாளில் சில்லில் என்ன இருந்தது என்பதை, இருந்தபடியே படித்தால்தான் சொல்ல முடியும்.