பேரக்குழந்தையோடு விமானம் ஏறும் மருந்துப் பை

கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் இருந்து சிங்கப்பூர், துபாய், லண்டன், அமெரிக்கா என்று இரண்டு வருஷம், மூன்று வருஷம் வேலைக்குப் போகிற இளம் தம்பதிகள் இப்போது நிறைய. கணவர் முன்னால் போய் வீடு பார்க்கிறார். குழந்தைக்கு நாலு மாசமோ ஆறு மாசமோ ஆனதும் தாயும் பிள்ளையும் பின்னால் கிளம்புகிறார்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, குழந்தையின் ஆயா ஒரு மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் வருவார்.

"டாக்டரய்யா, அந்த ஊர்ல ஒண்ணும் கெடைக்காதாம். பாப்பாவுக்கு வேண்டியதெல்லாம் கட்டி வெச்சிருக்கேன். ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க."

பையில் என்ன இருக்கும்? கல்வராயன் மலைத் தேன் ஒரு பாட்டில். கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுட்ட வசம்பு, கூடவே ஓர் உரைகல். கண்மை டப்பா. சாம்பிராணி. தாய்க்குப் பாலில் அரைத்துக் கொடுக்கக் கசகசா. யாரோ சொன்னார்கள் என்று வாங்கிய ஒரு பற்பம். கடைசியாக, துணி அரிக்காமல் இருக்க நாலு பாச்சை உருண்டை!

அன்போடு கட்டிய பை. ஆனால் இதில் பாதிக்கு மேல் விமானம் ஏறக்கூடாது. 'சித்த வைத்தியரே இப்படிச் சொல்லலாமா?' என்று கேட்பீர்கள். சித்த மருத்துவம்தான் இதைச் சொல்லச் சொல்கிறது. நோயாளியின் வயது, உடல்வாகு, அவர் வாழும் நிலம், அப்போதைய பருவம் இவற்றைப் பார்த்துத்தான் மருந்து என்பது எங்கள் பாடத்தின் முதல் வகுப்பு. மலை குறிஞ்சி நிலம், கீழே நெல் விளையும் ஊர் மருத நிலம். இந்த இரண்டுக்கும் இடையிலேயே நோய் மாறும் என்று பார்த்தவர்கள் நம் முன்னோர்கள். பனி கொட்டும் ஊரில், ஜன்னல் திறக்காத நாலாவது மாடி வீட்டில், பெரியவர்கள் துணையில்லாத இருபத்தைந்து வயதுப் பெண் கையில் அதே மருந்து அதே வேலையைச் செய்யும் என்று எப்படிச் சொல்வது?

தேன் வேண்டவே வேண்டாம்

பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது நம் வழக்கம். பல சூரணங்களுக்குத் தேன்தான் அனுபானம். இருந்தாலும் ஒரு வயது முடியும் வரை குழந்தையின் நாக்கில் தேன் படக்கூடாது. தேனில் சில சமயம் 'கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்' என்ற கிருமியின் விதைகள் இருக்கும். நம்மைப் போன்ற பெரியவர்களின் குடலில் அவை முளைக்காது. பச்சிளம் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். முதலில் மலச்சிக்கல் வரும். பிறகு அழுகைச் சத்தம் மெலியும், பால் குடிக்கும் வேகம் குறையும், கண் இமை தொங்கும், கழுத்து நிற்காது, கடைசியில் மூச்சே திணறும். குழந்தைகளுக்கு வரும் இந்த நோயை 1976இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இனம் கண்டார்கள்.

"எங்க மலைத் தேன் சுத்தமானது டாக்டரய்யா, நானே நேர்ல பாத்து வாங்கினது" என்பார்கள். சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்த விதை மண்ணில் இருப்பது. சுத்தமான தேனிலும் இருக்கலாம். காய்ச்சினாலும் சாகாது. வெள்ளிமலைத் தேனை அப்பாவும் அம்மாவும் தாராளமாகச் சாப்பிடட்டும்.

உரை மருந்து

ஆயாக்களுக்கு வருத்தம் வரப்போகும் இடம் இது. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர். விளக்குச் சுடரில் சுட்டு, தாய்ப்பாலில் ஓர் உரை உரைத்து நாக்கில் தடவினால் வயிற்று உப்புசம் அடங்கும் என்பது தலைமுறை தலைமுறையான அனுபவம். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அனுபவம் யாருடையது? ஐந்து பிள்ளை பெற்று, பத்துப் பேரன் பேத்தி பார்த்த கையினுடையது. ஓர் உரை என்றால் எவ்வளவு என்று அந்தக் கைக்குத் தெரியும். வீடியோ காலில் பார்த்து உரைக்கிற பெண்ணுக்குத் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை வீறிட்டால் ஓர் உரை நாலு உரை ஆகிவிடும்.

வசம்பு அளவு மீறினால் வாந்தி வரும். அதில் உள்ள 'பீட்டா அசரோன்' என்ற பொருள் எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்குகிறது என்று தெரிந்ததால், அமெரிக்க அரசு 1968இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டது. ஜாதிக்காய் அதைவிடக் கவலை தருவது. கொஞ்சம் கூடினாலும் குழந்தை மயங்கிக் கிடக்கும். 'அப்பாடா, நல்லா தூங்குது' என்று நாம் நினைப்போம். தூக்கமா மயக்கமா என்று ஒரு புதுத் தாயால் எப்படிப் பிரித்துப் பார்க்க முடியும்?

இன்னொரு சங்கடமும் உண்டு. கள்ளக்குறிச்சியில் குழந்தைக்கு உடம்பு முடியாமல் போனால், எந்த டாக்டரிடம் போனாலும் 'வசம்பு குடுத்தோம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். லண்டன் டாக்டருக்கு வசம்பு என்றால் என்ன தெரியும்? 'ஏதாவது கொடுத்தீர்களா?' என்று அவர் கேட்பார். பயத்தில் 'இல்லை' என்று சொல்லிவிடுகிற தாய்மார்கள் உண்டு. அதுதான் ஆபத்து. மறைக்காதீர்கள். வசம்பு 'அகோரஸ் கலமஸ்', கடுக்காய் 'டெர்மினாலியா செபுலா', ஜாதிக்காய் 'மிரிஸ்டிகா ஃபிராக்ரன்ஸ்'. இந்தத் தாவரப் பெயர்களை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால் எந்த நாட்டு டாக்டருக்கும் புரியும்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். வயிறு உப்பினால் பால் கொடுத்ததும் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் எடுங்கள். முழங்காலை மெதுவாக வயிற்றுப் பக்கம் மடக்கி நீட்டுங்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியமே கூடாது. நேரே ஆஸ்பத்திரிதான்.

பற்பம், கண்மை

2004இல் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதி இந்தியக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்தார்கள். 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. பற்ப, செந்தூரங்களை முறையாகப் புடம் போட்டு, தக்க வயதினருக்கு, தக்க நோய்க்கு வைத்தியர் கொடுப்பது வேறு. யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கிக் கைக்குழந்தைக்குக் கொடுப்பது வேறு. பால் குடிக்கும் குழந்தைக்கு எந்தப் பற்பமும் கொண்டுபோகாதீர்கள்.

கண்மையும் அப்படியே. சில கண்மைகளிலும் சுர்மாவிலும் ஈயம் இருக்கிறது. அமெரிக்காவில் இவற்றை விற்க அனுமதியில்லை. ஈயம் கண்ணில் இருந்து கைக்கும், கையில் இருந்து வாய்க்கும் போகும். ரத்தத்தைக் கெடுக்கும், மூளை வளர்ச்சியைக் குறைக்கும். இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவே கிடையாது. வீட்டில் விளக்குப் புகையில் பிடித்த மையில் ஈயம் இல்லாவிட்டாலும், விரலால் இமைக்குள் இழுத்தால் கிருமி போகும். திருஷ்டிக்கு என்றால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்துவிடுங்களேன்!

கசகசாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது அபின் செடியின் விதை. சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு எமிரேட்ஸிலும் சவுதி அரேபியாவிலும் அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஆஸ்திரேலியா போகிறவர்கள் விதை, வேர், நெய், தேன் எது இருந்தாலும் இறங்கியதும் எழுதிக் காட்டியாக வேண்டும்.

பாச்சை உருண்டையும் சிங்கப்பூரும்

சிங்கப்பூரில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் 1965 முதல் ஒரு பரிசோதனை செய்கிறார்கள். 'ஜி6பிடி' என்ற நொதி ரத்தச் சிவப்பணுக்களில் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்ப்பது அது. இந்தக் குறை பரம்பரையாக வருவது. ஆண் குழந்தைகளில் அதிகம். குறை உள்ள குழந்தை மற்றபடி கொழுகொழு என்றுதான் இருக்கும். சில பொருள்கள் பட்டால் மட்டும் சிவப்பணுக்கள் படபடவென்று உடையும்; மஞ்சள் காமாலை ஏறி மூளையைத் தாக்கும். அப்படிப்பட்ட பொருள்களில் ஒன்று நாப்தலீன். நம் பாச்சை உருண்டைதான்! பெட்டியில் உருண்டையோடு கிடந்த துணியை அப்படியே எடுத்துக் குழந்தைக்குப் போர்த்தினால் அந்த வாடையே போதும்.

அங்கே சீன வைத்தியத்தில் பச்சிளம் குழந்தைகளுக்குக் கொடுத்துவந்த ஒரு கசப்பு வேரில் 'பெர்பெரின்' என்ற சத்து இருந்தது. காமாலைக்கு அதுவும் காரணம் என்று 1978இல் தடை செய்தார்கள். 2013 முதல்தான் படிப்படியாகத் தடையைத் தளர்த்தினார்கள். அப்போதும் பச்சிளம் குழந்தைகளுக்கும் ஜி6பிடி குறை உள்ளவர்களுக்கும் எச்சரிக்கை நீடித்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாம் பயன்படுத்தும் மரமஞ்சளிலும் அதே பெர்பெரின் உண்டு. அதனால் மரமஞ்சள் சேர்ந்த எந்த மருந்தும் கைக்குழந்தைக்கு வேண்டாம். பழைய பருத்தி வேட்டித் துணியை மட்டும் நன்றாகத் துவைத்து, வெயிலில் காயவைத்து எடுத்துப் போங்கள். அதற்கு ஈடான துணி எந்தக் கடையிலும் கிடையாது.

வெயில் எங்கே?

நம்மூரில் எண்ணெய் தேய்த்து, காலை இளவெயிலில் குழந்தையைக் காலில் போட்டு உட்கார்ந்துவிட்டால் முடிந்தது. அந்த வெயில்தான் வைட்டமின் டி. பிரிட்டனில் அக்டோபரில் இருந்து மார்ச் தொடக்கம் வரை அடிக்கிற வெயிலால் உடம்பு போதுமான வைட்டமின் டி தயாரிக்க முடியாது. நம் கறுப்புத் தோலுக்கு இன்னும் கஷ்டம். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலிலும் பயனில்லை. வளைகுடா நாடுகளில் வெயில் கொளுத்தினாலும் குழந்தை நாள் முழுக்க ஏ.சி. அறையில்தானே?

தாய்ப்பாலில் இந்தச் சத்து குறைவு. அதனால் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளுக்குத் தினமும் வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 400 யூனிட், பிரிட்டனில் 8.5 முதல் 10 மைக்ரோகிராம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 'மருந்து எதுக்கு, எங்க காலத்துல கொடுத்தோமா?' என்று ஊரில் இருந்து போன் செய்து நிறுத்திவிடாதீர்கள். இந்தச் சத்து மிகவும் குறைந்தால் எலும்பு வளைவதோடு நிற்காது; சுண்ணாம்புச் சத்து இறங்கிக் குழந்தைக்கு வலிப்பே வரலாம்.

எண்ணெய்க் குளியல் தாராளமாக உண்டு. குளிர் நாட்டில் தோல் வெடிக்கும் என்பதால் தேங்காய் எண்ணெய் நல்லது. ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம். வாயால் ஊதி எடுக்கவும் வேண்டாம். சாம்பிராணி அறவே கூடாது. ஓலைக் கூரை வீட்டில் புகை தானாக வெளியேறும். அடைத்த வீட்டில் கரி நெருப்பு வைத்தால் கார்பன் மோனாக்சைடு தேங்கும். அதற்கு வாடையும் கிடையாது. கூரையில் உள்ள புகைக் கருவி அலறிக் கட்டிடத்தையே காலி செய்ய வைப்பது தனிக் கதை!

பையில் போட வேண்டியது

சுக்கு, சீரகம், ஓமம், மிளகு, பூண்டுப் பொடி தாய்க்கு உதவும். பிரசவ லேகியம் வேண்டுமென்றால் பெயர்ச் சீட்டு ஒட்டிய, உரிமம் பெற்ற நிறுவனத்தின் தயாரிப்பாக, பாஷாணச் சரக்குகள் சேராததாக இருக்கட்டும். துணைக்குப் போகிற ஆயாவை அனுப்ப முடிந்தால் அதைவிடப் பெரிய மருந்து இல்லை. விசா முடிந்து அவர் திரும்பிய பிறகுதான் கஷ்டம். கணவர் வேலைக்குப் போய்விடுவார். நாலு மணிக்கே இருட்டும். பேசக் குழந்தையைத் தவிர ஆள் இருக்காது. தாய் இரண்டு வாரத்துக்கு மேல் காரணமில்லாமல் அழுதால், தூக்கம் வராமல் தவித்தால், குழந்தையைத் தொடவே பிடிக்காமல் போனால், அது திமிருமில்லை, பேயுமில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. பிரிட்டனில் குழந்தையைப் பார்க்க நர்ஸ் வீட்டுக்கே வருவார். 'எல்லாம் நல்லா இருக்கு' என்று சிரித்து அனுப்பாமல் அவரிடம் சொல்லிவிடுங்கள். ஊரில் இருந்து போன் பேசுகிறவர்களும் 'கொழந்த சாப்ட்டுச்சா?' என்பதோடு 'நீ சாப்ட்டியாம்மா?' என்று கேளுங்கள்.

தடுப்பூசி அட்டை

நாட்டுக்கு நாடு தடுப்பூசிக் கணக்கு மாறும். நம் அட்டையை அங்கே காட்ட வேண்டும், அங்கே போட்டதை எழுதி வாங்கி வர வேண்டும். கல்வராயன் மலையில் இருந்து கைக்குழந்தையோடு கேரளாவுக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகும் மலையாளி இனத்துக் குடும்பங்களுக்கும் இதே பேச்சுதான். நாலு மாசம் கழித்துத் திரும்பும்போது ஊசி எதுவரை போட்டது என்று தெரியாமல் நிற்கிறார்கள். அவர்களுக்குக் குடகே வெளிநாடு.

அங்கேயே பிறந்து ஊருக்கு வரும் குழந்தைக்கு மூன்று விஷயம் பாருங்கள். அமெரிக்காவில் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி எல்லோருக்கும் போடுவதில்லை; பிரிட்டனில் பெற்றோர் பிறந்த நாட்டைப் பார்த்துக் குறிப்பிட்ட குழந்தைகளுக்கு மட்டும் போடுகிறார்கள். இங்கே பிறந்தவுடன் போடுகிறோம். தட்டம்மை ஊசி இங்கே 9 மாதத்தில். அமெரிக்காவில் ஒரு வயதில். வெளிநாடு கிளம்பும் குழந்தை என்றால் 6 மாதத்துக்கு மேல் முன்கூட்டியே ஒன்று போடுவார்கள். கேட்டு வாங்க வேண்டும். மூன்றாவது, ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் இதை முதலில் 1955இல் வேலூர்ப் பக்கம் கண்டறிந்தார்கள். நெல் வயல் தண்ணீரில் வளரும் கொசுவால் வருவது. கள்ளக்குறிச்சியும் சேர்ந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்குப் பல காலமாகத் தெரிந்த நோய். அதற்கான ஊசி லண்டன் அட்டையிலோ நியூயார்க் அட்டையிலோ இருக்காது. பொங்கலுக்கோ காதுகுத்துக்கோ குழந்தையை அழைத்து வருகிறீர்கள் என்றால், டிக்கெட் எடுக்கும்போதே அங்குள்ள டாக்டரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள். வந்து இறங்கிய வாரத்திலேயே அட்டையோடு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.