உங்களுக்குத் தெரியுமா? சூடும் சுருள்முடியும்

டெல்லியில் 1921-இல் கட்டிய கோல் மார்க்கெட்டின் பெயரிலேயே வட்டம் இருக்கிறது; இந்தியில் ‘கோல்’ என்றால் வட்டம். ஆகஸ்ட் மாதம் அந்தப் பக்கம் நடந்தால், காலையில் ஸ்ட்ரெய்ட்னர் போட்ட முடியும் வட்டமாகிவிடும்!

● சூடு முடியின் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தற்காலிகமாகத்தான் மாற்றுகிறது. காற்றின் ஈரம் பட்டதும் பழைய சுருள் திரும்பும். மறுபடி இழுக்காமல் பின்னிக்கொள்ளுங்கள்.

● ஈரமுடியில் சூடு வைத்தால் ‘சுர்’ரென்கிறதா? உள்ளே நீர் கொதித்துக் குமிழி உண்டாகும்; அந்த இடத்தில் முடி ஒடியும்.

● முடி மாதம் ஒரு செ.மீ. அளவே வளரும். 60 செ.மீ. கூந்தலின் நுனிக்கு வயது சுமார் 5! நீளம் நிலைக்க, நுனிக்குச் சூட்டைக் குறையுங்கள்.

● சாம்பிராணிப் புகையின் இளஞ்சூடு வேறு. 200 டிகிரி வரை போகும் ஸ்ட்ரெய்ட்னர் வேறு.