கீழே அமைதி, மேலே காற்று: தண்ணீரில் விழுந்த 427 டுரோன்கள்

2023 ஜூலை 14. ஆஸ்திரேலிய, பிரெஞ்சு மகளிர் காற்பந்துக் குழுக்கள் மோதிய நாள். மெல்பர்னின் டாக்லண்ட்ஸ் பகுதியில் ரசிகர்களுக்காக 500 டுரோன்கள் ஒளிக்காட்சி காட்டப் புறப்பட்டன. அவற்றில் 427 தண்ணீரில் விழுந்தன. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு விசாரித்தது. அந்த டுரோன்கள் தாங்கக்கூடிய வேகத்தைக் காற்று தாண்டியிருந்தது. பணிச்சுமையில் இருந்த இயக்குநர் அதைக் கவனிக்கவில்லை.

இது நமக்கும் தொடர்புடைய செய்திதான். 2024 சீனப் புத்தாண்டின்போது மரினா பே வானில் 1,500 டுரோன்கள் பறந்தன. பள்ளிகளிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் டுரோன் பயிலும் மாணவர்கள் உண்டு.

காற்றில் ஒரே இடத்தில் நிற்க டுரோன் காற்றை நோக்கிச் சாய்கிறது. மோட்டார்கள் வேகமாகச் சுழல்கின்றன. மின்கலம் விரைவில் தீர்கிறது. மோட்டாரின் உச்ச வேகமும் போதாதபோது காற்று அதை இழுத்துச் செல்கிறது. கூட்டமாகப் பறந்தால் ஒன்றோடொன்று மோதும்.

ஒரு கணக்குப் போடுங்கள். உங்கள் டுரோனின் வேகம் வினாடிக்கு 10 மீட்டர், காற்று 6 மீட்டர். காற்றோடு ஒரு கிலோமீட்டர் செல்ல ஏறக்குறைய 63 வினாடி போதும். திரும்பும்போது மிஞ்சும் வேகம் 4 மீட்டர்தான். 250 வினாடி ஆகும். போகும்போது மின்கலம் நிறைய மிச்சம் காட்டியதை நம்பியவர், பாதி வழியில் டுரோனை இழப்பார்.

தரையில் நிற்பவருக்கு இது தெரிவதில்லை. லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேன் பூக்கடை மாலைகள் அசையாமல் தொங்கும் அதே நேரத்தில், பஃபலோ சாலை வீவக புளோக்கின் மேல்மாடியில் காயும் துணி படபடக்கும். கடைவீடுகள் கீழே காற்றைத் தடுக்கின்றன. உயரே தடை குறைவு. (அங்கே பறக்கவிட்டுப் பார்க்க வேண்டாம். பக்கத்திலேயே இஸ்தானா!)

250 கிராமுக்கு மேற்பட்ட டுரோனைப் பதிவு செய்யவேண்டும், 200 அடிக்கு மேல் பறக்க அனுமதி வேண்டும் என்பதெல்லாம் பலருக்கும் தெரியும். வானிலையைத்தான் மறக்கிறோம். ஆண்டில் 160க்கும் மேற்பட்ட நாள்களில் இடி முழங்கும் ஊர் இது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ மேற்கிலிருந்து வரும் சுமத்ரா காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். 80 என்பது வினாடிக்கு 22 மீட்டர். மேலே போட்ட கணக்கில் 6க்குப் பதில் 22 வைத்துப் பாருங்கள்.