கழுத்துக் குறுகிய குடுவை

இங்கிலாந்தில் கோடை முடியும் தறுவாயில் வேலியோரப் புதர்களில் பிளாக்பெரி பழுத்துத் தொங்கும். அதைப் பறித்து வீட்டிலேயே ஒயின் செய்வது அங்கே பழைய வழக்கம். சொந்த உபயோகத்துக்கு என்றால் சட்டத் தடை இல்லை.

முதல் கட்டம் சுலபம். நசுக்கிய பழம், சர்க்கரை, தண்ணீர், ஈஸ்ட் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் போகும். ஈஸ்ட் பெருகக் கொஞ்சம் காற்று வேண்டும், நுரை பொங்க இடம் வேண்டும். வாய் அகன்ற வாளி இரண்டுக்கும் தோது. சில நாளில் பொங்குவது அடங்கியதும் சக்கையை வடிகட்டி, சாற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்றுவார்கள். நொதித்தலின் இந்த இரண்டாம் கட்டம் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நீளும். ஒயின் தேறுவதும் கெடுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

கெடுப்பது ஆக்சிஜன். நொதித்தல் மும்முரமாக இருக்கும்வரை கிளம்பும் கரியமில வாயுவே சாற்றின் மேல் நின்று காக்கும். வேகம் தணிந்தால் காற்று புகுந்துவிடும். அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா அந்த ஆக்சிஜனைக் கொண்டு ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கும், மிஞ்சுவது வினிகர். 30 செ.மீ. விட்டமுள்ள வாளியில் காற்றுபடும் பரப்பு சுமார் 700 சதுர செ.மீ. கழுத்து 3 செ.மீ. உள்ள குடுவையைக் கழுத்துவரை நிரப்பினால் வெறும் 7. நூறில் ஒரு பங்கு!

அதற்காக இறுக மூடவும் கூடாது. 200 கிராம் சர்க்கரை முழுதும் நொதித்தால் ஏறக்குறைய 50 லிட்டர் வாயு வரும். மூடிய குடுவை வெடித்துவிடும். வளைந்த குழாயில் சிறிது தண்ணீர் நிற்கும் 'ஏர்லாக்' வாயுவை வெளியே விட்டுக் காற்றைத் தடுக்கும். விலையும் சொற்பம்.

பாத்திரத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் பலரும் வைத்திருப்பது 'டெமிஜான்' எனும் ஒரு கேலன் கண்ணாடிக் குடுவை; ஏறத்தாழ 4.5 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி வழியே காற்று ஊடுருவாது, வாடை ஒட்டாது, வண்டல் படிவது கண்ணுக்குத் தெரியும். உணவுத் தர பெட் பிளாஸ்டிக் குடுவை இலேசானது, உடையாது. சில மாதத்துக்குத் தாராளமாகப் போதும். கீறல் விழுந்தால் மட்டும் கழித்துவிட வேண்டும், கிருமிகள் அதில்தான் பதுங்கும். இரும்பு, செம்பு, அலுமினியம் வேண்டவே வேண்டாம். பழ அமிலம் அவற்றை அரிக்கும். ஈயப் பூச்சுள்ள பழைய பீங்கான் ஜாடி அதைவிட ஆபத்து, ஈயம் ஒயினில் இறங்கும்.

மலிவு என்று 23 லிட்டர் கண்ணாடிக் குடுவையை வாங்கிப் பாதி நிரப்புவது வீண் செலவு. மேலே நிற்கும் காற்றே ஒயினைக் கெடுக்கும். நிரம்பினாலோ 25 கிலோவுக்கு மேல் கனக்கும், ஈரக் கையில் நழுவினால் ஆளையே வெட்டும். சாறு கொஞ்சம் குறைந்தால் சுத்தம் செய்த கண்ணாடிக் கோலிகளைப் போட்டு மட்டத்தை உயர்த்தலாம்.

புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பழைய பொருள் விற்கும் அறக்கட்டளைக் கடைகளில் கிடைக்கும் இரண்டு டெமிஜான்கள் போதும். ஒன்றில் ஒயின் தெளியட்டும். வண்டலை விட்டு இறுத்து ஊற்ற மற்றொன்று காலியாக இருக்கட்டும்.