தங்கம் தீர்ந்த மண்ணில் ஒரு கோடைக் கணக்கு

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டு ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனால் நந்திதுர்க் பகுதியின் வெயில் காய்ந்த நிலம் காலியாக இல்லை. அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று எழுதி வைக்கத்தான் ஆள் வேண்டும்.

பொழுது விடியும் முன்பே தங்கவயலின் ரயில் நிலையங்களில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. சுரங்கம் இருந்த காலத்தில் சங்கொலி கேட்டு 'ஷிப்ட்'டுக்குப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பெங்களூரில் வேலை பார்க்க ரயிலேறுகிறார்கள். அவர்கள் கிளம்பிப் போன பிறகு, சயனைடு மேடுகளுக்குப் பின்னால் சூரியன் எழும்போது, ஊரின் இன்னொரு 'ஷிப்ட்' தொடங்குகிறது. முள்புதருக்குள் கௌதாரி கத்துகிறது. பழைய கட்டடத்தின் இடிந்த சுவரில் கருஞ்சிட்டு வாலைத் தூக்கி நிற்கிறது. மின்கம்பியில் பனங்காடை இரைக்குக் காத்திருக்கிறது. அதிர்ஷ்டம் இருந்தால், தொலைவில் புல்வெளியில் முறுக்குக் கொம்புடன் ஒரு வெளிமான் தலை நிமிர்த்திப் பார்க்கும்.

எதையும் அளந்து எழுதி வைப்பதில் தங்கவயலுக்குப் பெரிய பாரம்பரியம் உண்டு. 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே காலூன்றியதிலிருந்து 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை எடுக்கப்பட்ட 800 டன்னுக்கும் அதிகமான தங்கத்துக்குக் கணக்கு இருக்கிறது. சுரங்கத்துக்குள் பாறை வெடித்த அதிர்வுகளுக்கும் பதிவு இருக்கிறது. 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ என்ற கண்ணுக்குத் தெரியாத துகளையே இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் பதிவுசெய்தார்கள். பூமிக்கு அடியில் இருந்தவற்றுக்குக் கிடைத்த இந்த மரியாதையில் சிறு பங்குகூட மேலே ஓடுவதற்கும் பறப்பதற்கும் கிடைத்ததில்லை.

காரணம் எளிது. இது காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடமல்ல, சுரங்க நிலம். நந்திதுர்க் சுரங்கத்துக்குப் பெயர் கொடுத்த நந்தி மலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1,478 மீட்டர் உயரத்தில், பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் அந்த மலைக்குப் பறவை ஆர்வலர்கள் பைனாகுலருடன் படையெடுக்கிறார்கள். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் மட்டுமே வாழும் மஞ்சள்தொண்டைச் சின்னானைத் தேடி வெளிநாட்டவர்களும் வருகிறார்கள். அதே பெயரைத் தாங்கிய சுரங்கப் பகுதிக்கு யாரும் பைனாகுலர் எடுத்துவருவது அபூர்வம். ஆள் போகும் இடத்தில்தான் பதிவு சேரும். பதிவு இல்லாத இடம் பாழ்நிலம் என்று பெயர் வாங்கும்.

பருவத்திலும் இதே ஓரவஞ்சனைதான். வலசைப் பறவைகள் வரும் குளிர்காலத்தில் பார்வையாளர்கள் பெருகுகிறார்கள். ஏப்ரல், மே வந்தால் வெயிலுக்குப் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் உள்ளூர்ப் பறவைகள் பலவற்றின் குடும்ப வாழ்க்கையைக் கோடையில்தான் பார்க்க வேண்டும். கர்நாடகத்தின் மாநிலப் பறவையான பனங்காடை, வானத்தில் ஏறித் தலைகீழாகக் கரணம் அடித்துத் துணையைக் கவர்வது இந்த மாதங்களில்தான். ஆட்காட்டி வெறும் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே, வழக்கமாக நான்கு முட்டை இடுகிறது. வெயில் உச்சிக்கு ஏறும்போது நீர்நிலைக்குப் போய் வயிற்றுச் சிறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிர்விக்கிறது. பக்கத்தில் தண்ணீர் வற்றினால் அந்தத் தாய்க்கு எத்தனை தூரம் பறக்க வேண்டியிருக்கும்? அதைத் தெரிந்துகொள்ள ஒரு கோடைக் குறிப்பேடு தேவை.

வெளிமானுக்கும் கோடைதான் சோதனைக் காலம். பசும்புல் குறையும்போது நீரும் மேய்ச்சலும் தேடி நடமாட்டம் கூடுகிறது. ஊருக்கு அருகில் வரும்போது தெருநாய்களிடம் சிக்கும் அபாயம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு இது. சட்டப்படி புலிக்குச் சமமான தகுதி. ஆனால் சட்டம் மானைத்தான் காக்கிறது. மான் மேயும் புல்லை அல்ல.

புல்வெளியைக் காடாக்கினால் நல்லதுதானே என்று கேட்கலாம். ராணிபென்னூரைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். வெளிமானுக்காக 1974இல் சரணாலயமான அந்த இடத்தில் பெரும்பகுதியைத் தைல மரங்கள் அடைத்துக்கொண்டன. திறந்தவெளியில் எதிரியைத் தூரத்திலேயே கண்டு ஓடிப் பிழைக்கும் விலங்குக்கு மரக்கூட்டம் வீடாகாது. மாறாக, தும்கூர் மாவட்டத்தின் ஜெயமங்கலி, 800 ஏக்கருக்கும் குறைவான புல்வெளி, 2007இல் வெளிமான் பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. சிறிய இடத்தையும் காப்பாற்ற முடியும். அங்கே என்ன இருக்கிறது என்று யாராவது முதலில் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தங்கவயலில் அதைச் சொல்லும் அவசரம் இப்போது கூடியிருக்கிறது. சுரங்கக் கழிவு மேடுகள் 13இல் சுமார் 3.3 கோடி டன் மண் கிடக்கிறது. அதிலிருந்து மிச்சத் தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. உபரி நிலத்தில் தொழில் நகரம் அமைக்கும் யோசனையும் உண்டு. வேலை தேடி விடியற்காலை ரயிலேறும் ஊருக்கு இவை வேண்டாதவை என்று யாரும் சொல்ல முடியாது. காற்றில் பறக்கும் கழிவுத் தூசி குறைந்தால் அதுவும் நல்லதே. ஆனால் எந்தப் பகுதியைத் தோண்டலாம், எந்தப் புல்வெளியை விட்டுவைக்கலாம், தண்ணீர்க் குட்டைக்குப் போகும் வழியில் வேலி போடலாமா என்ற கேள்விகள் வரும்போது, பதிலுக்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டாமா?

பதிவு செய்யப் பட்டம் தேவையில்லை. தேதி, நேரம், இடம், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது - ஐந்து விவரங்கள் போதும். வெளிமான் என்றால் கொம்புள்ள ஆண், கொம்பில்லாத பெண், குட்டி என்று பிரித்து எழுதலாம். ஒரே பாதையில், ஒரே நேரத்தில், வாரம் ஒருமுறை நடப்பது முக்கியம். ஒன்றும் தென்படாத நாளையும் குறிக்க வேண்டும். அதுவும் கணக்குதான். கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளையும் கழிவு மேடுகளையும் விட்டு விலகிப் பாதையிலேயே நடக்க வேண்டும். கூட்டை நெருங்கக்கூடாது. கூடு இருக்கும் இடத்தை ஊரறியச் சொல்லவும் கூடாது.

இப்படிச் சேர்ந்த சிறு குறிப்புகளுக்கு என்ன மதிப்பு? 2023இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, சுமார் 30,000 பார்வையாளர்கள் தந்த மூன்று கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை எடைபோட்டது. எங்கும் தென்படுவதால் யாரும் கவலைப்படாத பனங்காடை குறைந்துவருகிறது என்பது அப்படித்தான் உறுதியானது. தமிழ் எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996இல் மறையும்வரை ஆங்கில நாளிதழ் ஒன்றில் இயற்கைக் குறிப்புகள் எழுதினார். அணிலும் காகமும்கூட அவருக்குப் பொருளாயின.

தங்கவயலில் ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை. ஓய்வுபெற்ற தொழிலாளர்களுக்கு இந்த மண்ணின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அத்துப்படி. தாத்தாவுக்கு இடம் தெரியும். பேத்திக்கு எழுதத் தெரியும். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு தண்ணீர் பாட்டில், காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை இரண்டு மணி நேரம். ஜூனில் மழை வந்து புல் தளிர்ப்பதற்குள் முதல் எட்டுப் பக்கங்களாவது நிரம்பிவிடும்.