டியூப்லைட்டில் ஒரு கலர், வெயிலில் வேறு கலர்! திருப்பூர் சாயப்பட்டறைகளில் தலைவலி

திருப்பூர்: பனியன் உடம்பு ஒரு சிவப்பு, காலர் வேறு சிவப்பு! டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிந்தது, வெயிலில் வந்ததும் குட்டு உடைந்து விடுகிறது.

சாய மாஸ்டர்களைத் தூங்கவிடாத சமாச்சாரம் இது. லேபில் துண்டுத் துணிக்குச் சாயம் ஏற்றி பையரிடம் ஓ.கே. வாங்கிவிடலாம். பெரிய மிஷினில்தான் வம்பு. உப்பு, சோடா, சூடு, தண்ணீர்... எது பிசகினாலும் ஷேடு மாறிவிடும்.

காலரையும் உடம்புத் துணியையும் ஒரே தொட்டியில் போடுவது இதற்காகத்தான். பிறகு சாம்பல் நிறப் பெட்டிக்குள் வைத்து, 'டி-65' பகல் விளக்கு, 'டி.எல்.-84' கடை விளக்கு என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள்.

அப்படியும் தப்பினால்? மறுபடி தொட்டி. அதிலும் சரிவராத துணிக்குக் கறுப்புச் சாயம்தான் கதி! நஷ்டமோ, பல நேரம் கூலிக்குச் சாயம் போட்ட பட்டறைக்காரர் தலையில்.